அழுத்தும் கைகளின் வலி

மசாஜ் நிலையங்கள் நாளிதழ்ச் செய்தியாவது பெரும்பாலும் ஒரே வகையில்தான்: காவல் துறை சோதனை, கைது, உரிமம் ரத்து, அதைத் தொடர்ந்து நீதிமன்ற வழக்கு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத்தின் ஸ்பாக்களிலும் மசாஜ் நிலையங்களிலும் கண்காணிப்பு கேமரா பொருத்தப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. சில நாள்களுக்குள், 2022 ஜனவரியில், அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அத்தகைய கண்காணிப்பு தனியுரிமையைப் பாதிக்கும் என்று மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தது. எதிர்பாலினத்தவருக்கு மசாஜ் செய்யக் கூடாது என்று தில்லி அரசு 2021இல் விதித்த கட்டுப்பாட்டை, அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

இவை வேண்டாத விவாதங்கள் என்று சொல்வதற்கில்லை. வேலை தேடி ஊர்விட்டு வந்த பெண்கள் சுரண்டப்படுவதும் உண்மை. ஒழுங்காக நடக்கும் நிலையங்கள் சந்தேகத்தின் பெயரால் தொல்லைக்குள்ளாவதும் உண்மை. ஆனால், இந்த வாதப் பிரதிவாதங்களில் உரிமையாளர் இருக்கிறார், வாடிக்கையாளர் இருக்கிறார், காவல் ஆய்வாளர் இருக்கிறார். பகல் முழுவதும் நின்றபடி பிறர் உடலை அழுத்திப் பிடித்துவிட்டு, இரவில் தன் மணிக்கட்டை வெந்நீரில் நனைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளி எங்கும் தென்படவில்லை. ஓர் அறைக்குக் கதவு இருக்க வேண்டுமா, தாழ்ப்பாள் இருக்க வேண்டுமா என்று விரிவாக யோசித்த நமது நிர்வாகம், அந்த அறைக்குள் ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கையை அழுத்தலாம் என்று யோசித்ததே இல்லை.

தொழிலின் தன்மையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர மசாஜில் நிமிடத்துக்குப் பதினைந்து முறை அழுத்துவதாக வைத்துக்கொண்டாலும் 900 அழுத்தங்கள். நாளொன்றுக்கு ஐந்து பேர் வந்தால் 4,500. இதில் பெரும்பகுதியைத் தாங்குவது கட்டைவிரல். விரல்நுனியில் ஒரு கிலோ விசையுடன் கிள்ளிப் பிடிக்கும்போது, கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை இறங்குகிறது என்பது கை அறுவை மருத்துவர்கள் நன்கறிந்த கணக்கு. உடலிலேயே மிகவும் வளைந்துகொடுக்கும் மூட்டுகளில் ஒன்று அது. அந்த நெகிழ்வுக்கு விலையாக நிலைத்தன்மையை ஓரளவு இழந்த மூட்டு. அதைத் தூண்போலப் பயன்படுத்தினால் தேய்மானம் வராமல் இருக்காது.

அடுத்தது மணிக்கட்டு. அங்கே குறுகலான பாதை வழியாகச் செல்லும் நரம்பு, சுற்றியுள்ள தசைநாண்கள் வீங்கும்போது நசுங்குகிறது. முதலில் இரவில் மட்டும் விரல்கள் மரத்துப்போகும். பிறகு டம்ளரைப் பிடிக்கும்போதும், சட்டைப் பொத்தானைப் போடும்போதும் பிடி நழுவும். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை தடித்துப்போனால், துணி பிழிவதுகூட வேதனை. இவற்றுடன் முன்குனிந்து நிற்பதால் இடுப்பு வலி, தலை கவிழ்ந்தே இருப்பதால் பிடரி வலி, நெடுநேரம் நிற்பதால் காலில் நரம்புச் சுருட்டல். எண்ணெயும் சோப்பும் மாறிமாறிப் பட்டு வெடிக்கும் தோல் வேறு.

கேரள ஆயுர்வேத நிலையங்களில் சுமை வேறு வடிவம் எடுக்கிறது. பிழிச்சலுக்குச் சூடான எண்ணெயில் தோய்த்த துணியைத் தொடர்ந்து பிழிந்து ஊற்ற வேண்டும். கிழி சிகிச்சையில் சூடேற்றிய மூலிகை மூட்டைகளைப் பிடித்து ஒற்றி உருட்ட வேண்டும். நோயாளி கிடக்கும் மரப்பாத்தி அசையாத உயரம் கொண்டது. குட்டையானவரும் நெட்டையானவரும் அதே பாத்தியின் முன்தான் நிற்க வேண்டும். மரபுப்படி இருபுறமும் இருவர் நின்று ஒரே தாளத்தில் செய்யும் சிகிச்சை இது. செலவைக் குறைக்க ஒருவரே செய்யும் இடங்களில் சுமை இரட்டிப்பாகிறது. கூடவே பருவ நெருக்கடி. ஆடியை ஒட்டிய கர்க்கடக மாதம்தான் கேரளத்தில் சிகிச்சைக்கு உகந்த காலமாகக் கருதப்படுகிறது. கிட்டத்தட்ட அதே மழைக்காலத்தில்தான் நம் குற்றாலத்திலும் சீசன். அருவிக்குப் போகும் வழியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் தலையிலும் முதுகிலும் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள், ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கை இந்தச் சில வாரங்களில்தான் ஈட்டியாக வேண்டும். கை வலிக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்க அவர்களால் முடியுமா?

இந்த வலியைச் சமாளிக்கப் பயிற்சி நிலையங்கள் சொல்லித்தரும் அறிவுரைகள் பலவும் சரியானவையே. கட்டைவிரலுக்குப் பதில் முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்த வேண்டும். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைக்க வேண்டும். ஒரு காலை முன்வைத்து நின்று, தோள் வலிமையால் அல்லாமல் உடல் எடையால் அழுத்த வேண்டும். கையைத் தொங்கவிட்டால் விரல் கணுக்கள் தொடும் உயரத்தில் மேஜை இருப்பது நல்லது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே விரல்களை நீட்டி மடக்கி, சற்று உட்கார வேண்டும்.

மரபும் இதை அறியாததல்ல. சித்த மருத்துவம் தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாகப் பிரிக்கிறது. ஒன்பதில் அழுத்தல் ஒன்றே ஒன்று. கை ஒரே வேலையைச் செய்யாமல் மாற்றிமாற்றிச் செய்ய இந்தப் பகுப்பு இடம் தருகிறது. களரி மரபில் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழியும் முறை உண்டு. செய்பவரின் எடையைக் கயிறும் காலும் பகிர்ந்துகொள்ள, விரல்கள் தப்பிக்கின்றன. இன்றைய ஸ்பாக்களில் அதிகம் விற்பதோ ஆழ்ந்த அழுத்தம் தரும் வகை. ஒன்பதும் சுருங்கி ஒன்றாகிவிட்டது. தாய்லாந்து முறையில் தரையில் அமர்ந்து முழங்காலையும் முழங்கையையும் பயன்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். அங்கே மணிக்கட்டின் சுமை குறைந்து முழங்காலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அறிவுரைகளின் எல்லை இங்கேதான் தெரிகிறது. மேஜையின் உயரத்தை முடிவு செய்பவர் அதை வாங்கிப் போட்டவர். பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடைவெளியின்றி முன்பதிவு எழுதுபவர் வரவேற்பு மேஜையில் இருப்பவர். "இன்னும் கொஞ்சம் அழுத்தமாக" என்று கேட்பவர் வாடிக்கையாளர். இந்த மூவரும் எடுக்கும் முடிவுகளின் விளைவை ஒரு கட்டைவிரல் தாங்குகிறது. அந்த விரலுக்கு உரியவரிடம்தான் உடற்பயிற்சி செய்யுங்கள் என்கிறோம். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும், எத்தனை பேருக்குச் செய்தோம் என்பதைப் பொறுத்த ஊக்கத்தொகையும் டிப்ஸும் மிகுதியாகவும் இருக்கும் இடத்தில், ஓய்வெடுப்பது என்பதே வருமான இழப்பு. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து இவ்வேலை செய்யும் இளம்பெண்களில் பலர், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள். வலியைச் சொன்னால் முன்பதிவு குறையும் என்பதால் வலி மாத்திரையை விழுங்கிக்கொள்கிறார்கள்.

வேறு தொழிலுக்கு மாறலாமே என்பவர்கள் பார்வையற்றோரை நினைத்துப் பார்க்க வேண்டும். கிழக்கு ஆசியாவில் இது நெடுங்காலமாக அவர்களின் வாழ்வாதாரம். தென் கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றோருக்கு மட்டுமே என்ற விதி, 2006இல் அரசமைப்பு நீதிமன்றத்தால் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது கடும் போராட்டம் வெடித்தது. நாடாளுமன்றம் உரிமையைச் சட்டமாகவே மீட்டுத் தந்தது. 2008இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்தியாவிலும் பார்வையற்ற இளைஞர்களுக்கு இத்தொழிலைக் கற்பிக்கும் முயற்சிகள் உண்டு, வரவேற்கத்தக்கவை. ஆனால், அவர்கள் பிரெயில் வாசிப்பதும் அதே விரல்களால்தான். அந்த விரல்கள் மரத்துப்போனால் இழப்பது சம்பளத்தை மட்டுமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் குறித்த தொகுப்பு பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். நான்கு அறைகளும் ஆறு பணியாளர்களும் கொண்ட மாடிக்கட்டட மசாஜ் நிலையம் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே வரும் பெரிய நிலையங்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாக அத்தொகுப்பு 29 நோய்களைப் பட்டியலிடுகிறது. ஈய நச்சு உண்டு, சிலிகோசிஸ் உண்டு, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு உண்டு. எண்ணெயால் வரும் தோல் அழற்சிகூட ஏதோ ஒரு வகையில் இடம்பிடித்துவிடும். தசைநாணும் மூட்டும் நரம்பும் தேய்வது எங்கும் இல்லை. ஆலைக் காலத்தின் பட்டியல் அது. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று அரசு அறிவித்துள்ளது. இருபதுகளில் வேலைக்குச் சேர்ந்து முப்பதுகளிலேயே கை சோர்ந்துவிடும் ஒரு தொழிலுக்கு அது காலங்கடந்த உதவி.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், திரும்பத்திரும்பச் செய்யும் அசைவாலும் அதிக விசையாலும் வரும் மணிக்கட்டு, முழங்கைப் பாதிப்புகளுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. நாம் அதை ஏற்காததன் விளைவு ரூபாய்க் கணக்கில் தெரியும். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சாதாரண நோய்க்கு ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். அதுவே வேலையால் விளைந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம், தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் தொழில்நோய்ப் பட்டியலில் பனிப்பிரதேசத்தில் வேலை செய்வோருக்கு வரும் பார்வைக் கோளாறுவரை இடம்பெற்றிருக்கிறது. கட்டைவிரல் தசைநாண் அழற்சி இல்லை. எனவே மரத்துப்போன கையுடன் மருத்துவரிடம் போகும் தொழிலாளி, அது தன் வேலையால்தான் வந்தது என்று தானே நிரூபிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான நிலையத்தில் வேலை செய்பவருக்கோ இந்த வழக்காட்டமே பொதுவாக வாய்ப்பதில்லை.

இந்த அலட்சியத்துக்கு வெறும் நிர்வாக மறதி மட்டும் காரணமாக இருக்க முடியாது. அடுத்தவர் உடலைத் தொட்டுச் செய்யும் வேலையை நம் சமூகம் நீண்ட காலம் சில சாதியினரின் கடமையாக ஒதுக்கிவைத்தது. முடிதிருத்தி, எண்ணெய் தேய்த்து, சுளுக்கெடுத்து, மருத்துவமும் பார்த்தவர்களுக்குக் கூலியாகக் களத்துமேட்டில் சில மரக்கால் நெல் அளந்தது. இன்று அதே வேலை குளிரூட்டிய அறைக்குள் போய் ஆயிரக்கணக்கில் கட்டணம் பெறுகிறது. பணியாளர் 'தெரபிஸ்ட்' ஆகிவிட்டார். சேவை என்று போற்றுகிறோம், அல்லது ஒழுக்கக்கேடு என்று சந்தேகிக்கிறோம். உழைப்பு என்று எண்ணுவதற்குத் தயங்குகிறோம்.

தமிழகத்துக்கு இதில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்ற பெண்களின் கால் வலியைச் சட்டமன்றம் 2021இல் செவிமடுத்து, பணியாளருக்கு இருக்கை கட்டாயம் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. பத்துப் பேர் என்ற வரம்புக்கெல்லாம் காத்திராமல் சிறு நிலையங்களையும் எட்டக்கூடிய வழி, உள்ளாட்சி அமைப்புகள் வழங்கும் உரிமம். அதன் நிபந்தனைகளில் ஒரு நாளில் ஒருவர் செய்யக்கூடிய மசாஜ் நேரத்துக்கு உச்சவரம்பு, இரண்டு வாடிக்கையாளருக்கு இடையே குறைந்தது கால் மணி நேர இடைவெளி, உயரம் மாற்றக்கூடிய மேஜை ஆகியவற்றைச் சேர்க்கப் புதிய சட்டம் எதையும் இயற்ற வேண்டியிருக்காது. முடிதிருத்துவோருக்கு நல வாரியம் வைத்திருக்கும் மாநிலத்தில், குற்றாலத்துத் தொழிலாளர்களை ஒரு வாரியத்துக்குள் கொண்டுவருவதும் பெரிய காரியமல்ல. கட்டணம் சற்று உயரும் என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். உயரட்டும், இப்போதைய கட்டணம் மலிவாக இருப்பதன் ஒரு பகுதி, தொழிலாளியின் மணிக்கட்டிலிருந்து எடுக்கப்படுகிறது.

தொழில்நோய்ப் பட்டியலைத் திருத்தும் பொறுப்பு மத்திய அரசுடையது, அதற்கு நாளாகலாம். உரிமம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. புதுப்பிக்க வரும் நிலையத்திடம் கேமராப் பதிவுகளைக் கேட்கும் அதிகாரி, முன்பதிவு ஏட்டையும் வாங்கி ஒரு மாதத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.