‘உலகின் மிக வேகமான விலங்கு சிறுத்தை’ என்னும் கூற்றுக்கு ஒரு மறுப்பு

உலகின் மிக வேகமான விலங்கு எது என்ற வினாவுக்குச் ‘சிறுத்தை’ என்றே பொது அறிவு நூல்களும் வினாவிடைப் போட்டிகளும் நெடுங்காலமாக விடை தந்து வருகின்றன. அவ்விடையோடு மணிக்கு 112 கிலோமீற்றர் என்றோ 120 கிலோமீற்றர் என்றோ ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இலங்கையில் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் பொல்பிட்டிய முதல் நல்லதண்ணி, பொகவந்தலாவை வரை பரந்திருக்கும் தேயிலைத் தோட்டங்களில் இந்த விடை வெறும் ஏட்டறிவாக நின்றுவிடுவதில்லை. ஏனெனில் அங்கே அதே பெயரால் அழைக்கப்படும் விலங்கு தேயிலை மலைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் ஓரத்திலும் உண்மையாகவே நடமாடுகிறது. ஆகவே இக்கூற்றின் ஒவ்வொரு பகுதியையும் பிரித்தெடுத்து ஆராய்வது அறிவியலுக்கு மட்டுமன்றி அத்தோட்ட மக்களின் அன்றாடத்துக்கும் பயன்படும்.

எந்த விலங்கைப் பற்றிய பேச்சு இது என்பதே முதலில் தெளிவாக வேண்டும். ஓட்டத்துக்குப் பெயர்பெற்றது சிவிங்கிப்புலி. அது ஆபிரிக்காவின் வெட்டவெளிகளில் வாழ்வது, ஆசியாவில் ஈரானில் மட்டும் மிகச் சிலவாக எஞ்சியிருப்பது, இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டு 2022 செப்டெம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளாக மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டது. இலங்கைக் காடுகளில் அது வாழ்வதில்லை. அட்டன் நகரைச் சூழ்ந்த மேற்கூறிய மலைகளில் காணப்படுவது இலங்கைக்கே உரிய சிறுத்தைத் துணையினம். பொதுப் பெயரும் புள்ளித் தோலும் இரண்டையும் ஒன்றெனக் காட்டினாலும், கண்ணின் உள்முனையிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடும் தனித்தனிப் புள்ளிகளும் சிவிங்கிப்புலிக்கு உரியவை. வளையம் வளையமாக அமைந்த புள்ளிக் கூட்டங்களும் தடித்த கழுத்தும் தோளும் சிறுத்தைக்கு உரியவை. சிவிங்கிப்புலியின் நகங்கள் முழுமையாக உள்ளிழுக்கப்படாமல் ஓட்டத்தின்போது நிலத்தைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. சிறுத்தையின் நகங்களோ உறைக்குள் பாதுகாக்கப்பட்டு, இரையைப் பற்றவும் மரமேறவும் பயன்படுகின்றன.

சிறுத்தையின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் என நூல்கள் மதிப்பிடுகின்றன. ஆயினும் அந்த வேகத்தை நம்பி அது வாழவில்லை என்பதே இங்கு முதன்மையானது: அது மறைவில் பதுங்கி, இரைக்குச் சில மீற்றர் தொலைவுவரை ஓசையின்றி நெருங்கி, ஒரே பாய்ச்சலில் பற்றும் பதுங்கு வேட்டை விலங்கு, முதற் பாய்ச்சல் தவறினால் நெடுந்தூரம் துரத்துவது அதன் இயல்பன்று. இடுப்பளவு உயர்ந்து நெருங்கி நிற்கும் தேயிலைச் செடிகளும், அவற்றை ஊடறுத்துச் செல்லும் ஓடைகளும், மேட்டில் எஞ்சிய காட்டுத் துண்டுகளும் அத்தகைய விலங்குக்கு ஏற்ற மறைவிடங்கள். கொழுந்து பறிப்போர் அதனால் தாக்கப்படும் நிகழ்வுகளில், செடிக்குள் படுத்திருக்கும் விலங்கை எதிர்பாராமல் நெருங்கிவிடுவதே வழக்கமான சூழ்நிலை. திடுக்கிட்ட விலங்கு தன்னைக் காத்துக்கொள்ளப் பாய்கிறது. ‘உலகின் மிக வேகமான விலங்கு’ என்ற பட்டத்தை இந்தச் சிறுத்தைக்குச் சூட்டும்போது, மனிதரைத் துரத்திப் பிடிக்கும் ஒரு விலங்காக அது கற்பனையில் உருவெடுக்கிறது. அந்தக் கற்பனையால் விளையும் அச்சம், மலைக்குள் இறங்குமுன் ஓசையெழுப்புதல், கூட்டமாகச் செல்லுதல், லயத்தைச் சுற்றிக் குப்பையும் அதைத் தேடி வரும் தெருநாய்களும் பெருகாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய பயனுள்ள காப்பு முறைகளிலிருந்து கவனத்தை வேறுபக்கம் திருப்பிவிடுகிறது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்குக் கம்பியில் கழுத்து மாட்டிய நிலையில் மீட்கப்பட்டு, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சில நாள்களிலேயே இறந்த அரிய கருஞ்சிறுத்தையும் இந்தத் துணையினத்தைச் சேர்ந்ததே. பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் அக்கம்பிகள், வழக்கமாகச் செல்லும் தடத்திலேயே மெல்ல நடக்கும் ஒரு விலங்கைத்தான் பிடிக்கின்றன.

இனி, சிவிங்கிப்புலிக்கே கூறப்படும் எண்ணை நோக்குவோம். 1965இல் கென்யாவில் பழக்கப்பட்ட ஒரு சிவிங்கிப்புலியை 201 மீற்றர் தொலைவில் ஓடவிட்டு நேரம் கணித்த ஷார்ப் என்பவர், விநாடிக்கு 29 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 104 கிலோமீற்றர் என்ற சராசரியைப் பெற்றார். 2012இல் அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையைச் சேர்ந்த சாரா என்னும் பெண் சிவிங்கிப்புலி 100 மீற்றரை 5.95 விநாடிகளில் கடந்தது. அந்த ஓட்டத்தின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீற்றர். இவை இரண்டும் மனிதர் வளர்த்த விலங்குகள், தடையற்ற நேர்த் தளத்தில் ஓடியவை. காட்டில் வேட்டையாடும் விலங்கு எவ்வாறு ஓடுகிறது என்பதை அலன் வில்சன் தலைமையிலான குழுவினர் பொட்சுவானாவில் ஐந்து சிவிங்கிப்புலிகளுக்கு இருப்பிடமும் அசைவும் பதியும் கழுத்துப்பட்டைகளை அணிவித்து ஆராய்ந்து, 2013இல் வெளியிட்டனர். பதிவான 367 ஓட்டங்களில் மிகக் கூடியது மணிக்கு 93 கிலோமீற்றர். ஒவ்வோர் ஓட்டத்திலும் எட்டப்பட்ட உச்சங்களின் சராசரியோ 54 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நூல்கள் திரும்பத் திரும்ப அச்சிடும் 112உம் 120உம் இவ்வளவீடுகள் எதிலும் இல்லை.

மூன்றாவதாக, ‘விலங்கு’ என்ற சொல் உயிரியலில் பறவை, மீன், பூச்சி அனைத்தையும் உள்ளடக்கும்; அப்பொருளில் எடுத்தால் சிவிங்கிப்புலி முதலிடத்தை அணுகவே இயலாது. பொரிவல்லூறு என்றும் பைரி என்றும் அழைக்கப்படும் வேட்டைப் பறவை, உயரத்திலிருந்து இறக்கைகளை உடலோடு ஒடுக்கி இரைமேல் செங்குத்தாக இறங்கும்போது மற்றெல்லா விலங்குகளையும் விஞ்சுகிறது. அதன் ஒரு துணையினமான ஷாஹீன் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து, சிகிரியா போன்ற செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டுகிறது. ஆகவே ‘மிக வேகமான விலங்கு’ என்ற பெயருக்கு உரிமை கோரக்கூடிய உயிர் இந்நாட்டில் ஒன்று இருக்குமாயின், அது தேயிலைச் செடிக்குள் படுத்திருப்பதன்று, பாறை முகத்தில் அமர்ந்திருப்பதே ஆகும்.

ஆனால் சிவிங்கிப்புலியின் எண்ணைச் சோதித்த அதே கண்டிப்போடு வல்லூற்றின் எண்ணையும் சோதிப்பதே நேர்மை. புகழ்பெற்ற மணிக்கு 389 கிலோமீற்றர் என்பது அமெரிக்கரான கென் பிராங்க்ளின் தாம் பழக்கிய ஒரு வல்லூற்றை விமானத்திலிருந்து பறக்கவிட்டு, தாமும் உடன் குதித்து, அதன்மேல் பொருத்திய சிறு கருவியால் பதிந்த அளவு. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்க வேண்டிய தேவை காட்டுப் பறவைக்கு வழக்கமாக ஏற்படுவதில்லை. சுவீடனில் தோமஸ் அலெர்ஸ்டம் 1987இல் வெளியிட்ட ராடர் அளவீடுகளில், இயற்கையாக இறங்கிய வல்லூறுகள் விநாடிக்கு 25 முதல் 39 மீற்றர் வேகத்தையே, அதாவது மணிக்கு 90 முதல் 140 கிலோமீற்றர் வேகத்தையே எட்டியிருந்தன. ஆகவே 389 என்பது அப்பறவையின் உடல் தாங்கவல்ல எல்லையைக் காட்டுகிறதே அன்றி, அதன் அன்றாட வேட்டையைக் காட்டவில்லை.

‘இறங்குவது புவியீர்ப்பின் வேலை, பறவையின் வேலையன்று’ என்று சிவிங்கிப்புலியின் சார்பில் எழுப்பப்படும் எதிர்வாதம் ஓரளவு நியாயமானது. ஏனெனில் தரையில் ஓடும் விலங்கு ஒவ்வோர் அடிக்கும் தன் தசையாற்றலையே செலவிடுகிறது. எனினும் இவ்வாதத்தை ஏற்று, இறக்கையசைத்துக் கிடைநிலையில் பறப்பதை மட்டும் கணக்கில் கொண்டாலும் முடிவு மாறுவதில்லை. பறந்தபடியே பூச்சி பிடித்துப் பெரும்பாலான வாழ்நாளை வானிலேயே கழிக்கும் உழவாரக் குருவிகளுள் ஒன்றான ஐரோப்பியப் பொது உழவாரன், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஒளிப்படக்கருவி அளவீடுகளில் மணிக்கு 111.6 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அந்த வேகத்தை அது இறங்கியன்று, கிடையாகவும் மேல்நோக்கியும் பறந்தே அடைந்தது. வாலின் நுனி மென்சவ்வுக்கு வெளியே நீளும் பிரேசில் வௌவால் அமெரிக்காவின் டெக்சாசில் மணிக்கு 160 கிலோமீற்றர்வரை பறந்ததாக 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயினும் அதில் காற்றின் வேகம் கணக்கிடப்பட்ட முறை பற்றி மாற்றுக் கருத்துகள் இருப்பதால், அந்த எண்ணை முடிந்த முடிபாகக் கொள்ளாதிருப்பதே முறை.

வேக எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதுமானவை. இலங்கையின் மலைகளிலும் காணப்படும் ஊசிவால் உழவாரன்களின் இனத்தைச் சேர்ந்த பறவைகளை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அசாமின் கச்சார் மலைகளில் ஸ்டூவர்ட் பேக்கர் நிறுத்துக் கடிகாரத்தால் கணித்து, இரண்டு மைல் தொலைவை 36 முதல் 42 விநாடிகளில் கடந்ததாக எழுதினார். அது மணிக்கு 276 முதல் 322 கிலோமீற்றர் ஆகிறது. இரண்டு மைலுக்கு அப்பால் அத்துணைச் சிறிய பறவையை வெறுங்கண்ணால் தொடர்வது எவ்வாறு, வீசிய காற்று எவ்வளவு, பறவை இறங்கிக்கொண்டிருந்ததா என்ற வினாக்களுக்கு அக்கணக்கில் விடையில்லை. எனினும் அந்த எண் பல தலைமுறை நூல்களில் வாழ்ந்தது. கடலில் மயில் மீனுக்கும் இதே கதைதான்: புளோரிடாவில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் மூன்று விநாடிகளில் 91 மீற்றர் கயிற்றை இழுத்தோடியதாகச் சொல்லப்பட்டதிலிருந்து மணிக்கு 110 கிலோமீற்றர் என்ற எண் பிறந்தது. 2016இல் தசை சுருங்கும் நேரத்தைக்கொண்டு கணித்த ஆய்வாளர்கள் மயில் மீனுக்குக் கண்ட உச்ச வேகம் விநாடிக்கு 8.3 மீற்றர், மணிக்கு 30 கிலோமீற்றரே. நீரின் அடர்த்தியும், மிகு வேகத்தில் துடுப்பைச் சுற்றி நீராவிக் குமிழ்கள் உருவாகி வெடித்துச் சதையைச் சிதைக்கும் விளைவும் மீனின் வேகத்துக்கு ஓர் எல்லையை இட்டுவிடுகின்றன.

நான்காவதாக, வேகம் என்பது ஒரே ஓர் அளவு என்று இக்கூற்று கொள்வதும் ஏற்கத்தக்கதன்று. சிவிங்கிப்புலியின் வேட்டை ஓட்டம் சராசரியாக 173 மீற்றரில் முடிந்துவிடுவதை பொட்சுவானா ஆய்வு காட்டியது. வட அமெரிக்காவின் கவைக்கொம்பு மானோ பல கிலோமீற்றருக்குத் தளராமல் ஓடவல்லது. 1991இல் வெளியான ஓர் ஆய்வு, அதன் உடல் அதே எடையுள்ள விலங்கிடம் எதிர்பார்க்கப்படும் அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான ஒக்சிசனைப் பயன்படுத்துவதைக் கண்டது. உடல் நீளத்தை அலகாகக் கொண்டால் வரிசை மேலும் தலைகீழாகிறது: சிவிங்கிப்புலி விநாடிக்கு ஏறத்தாழ 16 உடல் நீளம் கடக்க, அவுஸ்திரேலியப் புலிவண்டு ஒன்று 100க்கும் மேற்பட்ட உடல் நீளத்தைக் கடக்கிறது, கலிபோர்னியாவின் ஒரு சிற்றுண்ணி 322 உடல் நீளத்தைக் கடப்பதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. புலிவண்டுகள் விரையும்போது கண்ணுக்கு வந்து சேரும் ஒளி போதாமல் இரையைக் காணவியலாது போவதால், இடையிடையே நின்று நோக்கி மீண்டும் ஓடுகின்றன என்பது அவற்றின் வேகத்தின் அளவை விளக்கும் அழகிய உண்மை.

இவ்வளவுக்குப் பின்னும் எஞ்சி நிற்பது, சில நூறு மீற்றர் தொலைவுக்குத் தரையில் ஓடும் விலங்குகளுள் சிவிங்கிப்புலிக்கு நிகரில்லை என்பது. அதை மறுப்பதற்கு எந்த அளவீடும் இல்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் காரணமும் காட்டியது: உடல் பெரிதாகப் பெரிதாக எட்டக்கூடிய வேகம் கூடினாலும், ஒக்சிசனின் உதவியின்றித் தசையில் சேமித்து வைக்கப்பட்ட ஆற்றல் தீருமுன் அந்த வேகத்தை எட்டிவிட வேண்டியிருப்பதால், யானை போன்ற பெருவிலங்குகள் உச்சத்தை அடையுமுன்பே களைத்துவிடுகின்றன, நடுத்தர எடையுள்ள விலங்குகளே முன்னணியில் நிற்கின்றன. ஆயினும் அந்த முன்னணி விலங்கின் வேட்டையைத் தீர்மானிப்பது நேர்க்கோட்டு வேகமன்று. இம்பாலா மான் திடீரெனத் திரும்பும்போது தானும் உடனே திரும்ப வேண்டியிருப்பதால், சிவிங்கிப்புலி இரையை அணுகும்போது தன் வேகத்தைக் கூட்டாமல் குறைக்கிறது. ஒரே அடியில் விநாடிக்கு நான்கு மீற்றர்வரை வேகத்தைக் குறைக்கவல்ல அதன் தசைகளும், நிலத்தைப் பற்றும் நகங்களும், திருப்பத்தில் உடலை நிலைநிறுத்தும் நீண்ட வாலும், பொது அறிவு நூல்கள் போற்றும் அந்த எண்ணைவிட அதற்கு அதிகமாக உணவளிக்கின்றன.