வெள்ளியின்மேல் பொறித்த எண்

லேக் கார்டன்ஸில் எம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், தம் மகளின் கொலுசுகளை விற்கச் சென்று வருத்தத்துடன் திரும்பினார். கொக்கியின் அருகே 925 என்ற எண் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. உருக்கிச் சோதித்தபோதோ அவ்வளவு வெள்ளி தேறவில்லை. “எண் இருந்ததே!” என்பது அவரது மனக்குறை. அந்த எண் யாருடைய வாக்கு என்று கேட்க அவருக்கு எவரும் கற்பித்ததில்லை.

தூய வெள்ளி மென்மையானது. ஆதலின் உறுதிக்காகச் செம்பு கலப்பர். 925 என்பது ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று பொருள்படும். 100 கிராம் எடையுள்ள 925 தரக் கொலுசில் வெள்ளி 92.5 கிராம், 800 தரத்தில் 80 கிராம். இந்த 12.5 கிராம் வேற்றுமை கண்ணுக்குப் புலப்படாது. ஜெர்மன் வெள்ளி எனப்படுவதிலோ வெள்ளியே இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையாகும்.

முத்திரையைப் பொறித்தவர் யார் என்ற வினா இந்நகருக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் காலக் கல்கத்தாவில் வெள்ளிப் பொருள்களைச் சோதித்து முத்திரையிடும் அரசு நிலையம் இல்லை. ஹாமில்டன் போன்ற நிறுவனங்கள் யானை முதலிய சின்னங்களைத் தாமே பொறித்துக்கொண்டன. அவை நிறுவனத்தின் நற்பெயரைக் காட்டினவேயன்றி, பிறர் சோதித்ததற்குச் சான்றல்ல. அரசு பொறுப்பேற்ற முத்திரை ரூபாய் நாணயத்தில் இருந்தது. 1835 முதல் அதன் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005-இல் வெள்ளிக்கு ஹால்மார்க் முறையைத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளக் குறியும் சேர்ந்தது. ஆகவே மூன்றைத் தேடுதல் வேண்டும்: வெள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுடன் கூடிய அமைவனச் சின்னம், தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. இக்குறியைக் கைப்பேசியில் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், சோதித்த நிலையமும் பொருளின் வகையும் தூய்மையும் தெரியவரும். வெறும் 925 மட்டும் இருப்பின் அது விற்பவரின் சொல்லேயாகும்.

தங்க நகைக்கு 2021 ஜூன் முதல், அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாயிற்று. வெள்ளிக்கு 2025-இல் வந்த ஏற்பாடோ விற்பவரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. இது முறையன்று என்பது எம் கருத்து. தங்கம் வாங்க இயலாதவரின் சேமிப்பே வெள்ளி. காவல் மிகுதியும் வேண்டுவது அங்கேதான். மெட்டி போன்ற சிறு பொருள்களுக்கெல்லாம் முத்திரையிடுவது சிறு கொல்லர்க்குச் சுமையாகும் என்பர். அது மெய்யே. தங்கத்தில் இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றிற்கு விலக்களித்ததுபோல், வெள்ளியிலும் ஓர் எடை வரம்பு வகுத்து, கனத்த கொலுசு, பாத்திரங்களிலிருந்து தொடங்கலாம்.

அதுவரை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வகுப்பிலோ கிராமக் கூட்டத்திலோ ஒரு கொலுசையும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கொண்டு அம்மூன்று குறிகளையும் தேடச் செய்க. முத்திரை கண்ட பொருளுக்கும் பட்டியலில் எடையையும் தூய்மையையும் எழுதி வாங்குமாறு அறிவுறுத்துக. வாங்கும் நாளில் கேட்கும் ஒரு கேள்வி, விற்கும் நாளின் வருத்தத்தைத் தவிர்க்கும்.