ஆட்டம் நம்முடையது, கமிஷன் யாருடையது?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் இளந்தொழிலாளர்களும், நவரை நடவு முடிந்து அடுத்த வேலைக்காகக் காத்திருக்கும் விவசாயக் கூலிகளும் செல்போனில் பார்ப்பது சினிமாவும் கிரிக்கெட்டும் மட்டுமல்ல. போக்கர் என்னும் சீட்டாட்டப் போட்டிகளையும் பார்க்கிறார்கள். லாஸ் வேகாஸில் எந்தக் கையை வைத்துக்கொண்டு எவன் பாவ்லா காட்டினான், எவன் அதை நம்பிச் சீட்டைக் கவிழ்த்தான் என்றெல்லாம் டீக்கடையில் விவாதிக்கிறார்கள். சிலர் காசு கட்டியும் ஆடினார்கள். "சூதாடிப் பயல்கள்" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். தருமபுத்திரன் கதையை நினைவூட்டுகிறார்கள்.

நாம் திட்டப் போவதில்லை. எட்டு மணி நேரம் இயந்திரத்தோடும் சேற்றோடும் மல்லாடிவிட்டு வருகிறவனுக்கு விளையாட்டு வேண்டும். அதுவும் மூளைக்கு வேலை வைக்கிற விளையாட்டை அவன் தேடுகிறான் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேஜையைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது நமது கடமை.

போக்கர் நமக்கு முற்றிலும் புதிய ஆட்டமல்ல. மூணு சீட்டு ஆடியவர்களுக்கு அதன் சாயல் உடனே தெரியும். இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படும் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டுகளை மல்லாத்துவார்கள்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுகிறவன் ஜெயித்தான். அல்லது ஒன்றுமில்லாத கையோடு துணிந்து பந்தயத்தை ஏற்றி, மற்றவர்களைப் பயந்து ஒதுங்கச் செய்தவன் ஜெயித்தான். போட்டியாக நடத்தும்போது எல்லோரும் ஒரே தொகையைக் கட்டி, ஒரே எண்ணிக்கையில் வில்லைகளை வாங்கிக்கொண்டு உட்காருகிறார்கள். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சுற்றுமுறையில் இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம், குறித்த நேரத்துக்கு ஒரு முறை ஏறிக்கொண்டே போகும். ஆகவே சும்மா உட்கார்ந்து காலந்தள்ள முடியாது. வில்லை தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும். கடைசி வரை மிஞ்சுகிறவன் முதல்வன்.

இதில் திறமை உண்டா? உண்டு. எதிரியின் முகத்தையும் பழக்கத்தையும் படிக்க வேண்டும். வரவேண்டிய சீட்டு எத்தனைக்கு ஒன்று வரும் என்று மனக்கணக்குப் போட வேண்டும். கெட்ட கையை வீசியெறியும் மன அடக்கம் வேண்டும். அதிர்ஷ்டம் உண்டா? அதுவும் உண்டு. இரண்டு ஏஸ் கையில் வருவது 221 கைக்கு ஒரு முறைதான். அந்த அபூர்வக் கையோடு ஒருவன் தன் வில்லை முழுவதையும் வைத்து, எதிரி அதைவிடச் சிறிய ஜோடியோடு மோதினாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை ஏஸ்காரன்தான் எழுந்து போகிறான்! நல்ல ஆட்டக்காரன் யார் என்பது நூற்றுக்கணக்கான போட்டிகளில் தெரியலாம். ஓர் இரவில் தெரியாது. நூற்றுக்கணக்கான போட்டிகளுக்குப் பணம் கட்டித் தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நூறு பேர் ஆளுக்கு 110 ரூபாய் கட்டுகிறார்கள். 100 ரூபாய் பரிசுக்கு. 10 ரூபாய் நடத்துகிறவனுக்கு. பரிசுப் பணம் 10,000. பதினைந்து பேருக்குப் பங்கு; எண்பத்தைந்து பேர் வெறுங்கை. இதே நூறு பேர் பத்துப் போட்டிகள் ஆடினால் கட்டியது 1,10,000 ரூபாய். திரும்பி வந்தது ஒரு லட்சம். பத்தாயிரம் எங்கே? சீட்டையே தொடாதவனிடம் போய்விட்டது. நூறு பேரும் மகா மேதைகளாகவே இருக்கட்டும், இந்தக் கணக்கு மாறாது. திறமை என்பது அந்த நஷ்டத்தை யார் தலையில் எவ்வளவு கட்டுவது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ல் அறிவிக்கப்பட்ட கூலி நாளைக்கு 336 ரூபாய். மேலே சொன்ன 110 ரூபாய் அதில் மூன்றில் ஒரு பங்கு. காலையிலிருந்து மத்தியானம் வரை வாய்க்கால் தூர்வாரிய உழைப்பு, முதல் சீட்டு விழுமுன்னே மேஜைக்குப் போய்விட்டது.

"ஒருவன் ஜெயித்தானே!" என்பார்கள். 2003ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டிய ஒரு சிறு போட்டியில் ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அங்கே 838 பேரைத் தாண்டி முதல் பரிசாக 25 லட்சம் டாலர் பெற்றார். பெயரே பணம் பண்ணுகிறவர். அதுதான் அவருடைய நிஜமான குடும்பப் பெயர் என்பது வேடிக்கை. அடுத்த வருஷம் அதே போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர். ஒரு கணக்கர் ஜெயித்த செய்தி போல விளம்பரம் எந்த முதலாளிக்கும் கிடைத்ததில்லை. திரையில் நாம் பார்க்கும் நட்சத்திர ஆட்டக்காரர்களில் பலர் முழுக்கத் தங்கள் சொந்தப் பணத்தில் ஆடுவதில்லை. நுழைவுக் கட்டணத்தில் பங்கு விற்று, நஷ்டத்தைப் பலர் தோளில் ஏற்றிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நமது தோழனுக்கு அப்படிப் பங்காளி யார்? கந்துவட்டிக்காரனும் கடன் செயலியும்தான்.

இனி நமது நாட்டில் சட்டம் பட்ட பாட்டைப் பார்ப்போம். 1930ம் வருஷத்து சூதாட்டச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆலமரத்தடியில் ஐம்பது ரூபாய் வைத்துச் சீட்டாடினால் போலீஸ் வந்து பிடிக்கும். மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும். ஆனால் வெறும் திறமை ஆட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட் 1967ல் கூறிற்று. குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996ல் கூறிற்று. கனவான்களின் கிளப்புகளுக்கும் கிண்டி மைதானத்துக்கும் கிடைத்த இந்தத் திறமைப் பட்டத்தைத்தான் பின்னால் இணையக் கம்பெனிகள் எடுத்து மாட்டிக்கொண்டன.

கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகள் வந்தபோது தமிழ்நாடு சர்க்கார் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட் அதை ரத்துச் செய்தது. 2022ல் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு அவசரச் சட்டமும், அக்டோபரில் மசோதாவும் வந்தன. கவர்னர் அந்த மசோதாவை மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார். அந்த மாதங்களில் எத்தனை வீட்டுக் கம்மல்கள் அடகுக் கடைக்குப் போயின? அதே வருஷம் நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது ஹைகோர்ட். குஜராத் ஹைகோர்ட் 2017ல் போக்கர் சூதாட்டமே என்று தீர்ப்பளித்திருந்தது. ஆக, ஒரே சீட்டுக்கட்டு ஆமதாபாத்தில் அதிர்ஷ்டம், சென்னையில் திறமை! தோற்றவனுடைய சட்டைப் பை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் காலியாயிற்று.

டில்லி சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் கட்டுகிற பணம் முழுவதன் மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டுத் தன் பங்கையும் எடுத்துக்கொண்டது. 45 கோடிப் பேர் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று சர்க்கார் தரப்பிலேயே மதிப்பீடு வெளியான பிறகுதான் விழிப்பு வந்தது. 2025 ஆகஸ்டில், விவாதம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாமலே, இரண்டு நாளில் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் மசோதா நிறைவேறியது. 22ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் நடத்தும் ஆட்டம் எதுவானாலும் அந்தச் சட்டம் தடுக்கிறது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்கிறவனுக்கும் தண்டனை உண்டு, ஆடுகிறவனுக்கு இல்லை. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த இப்படிப்பட்ட கம்பெனியின் பெயர் அந்த மாதமே மறைந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. வழக்குகள் செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன.

திறமையா அதிர்ஷ்டமா என்ற வக்கீல் விவாதத்தை ஒதுக்கி, பணம் வாங்குகிறவன் யார் என்று கேட்ட அளவில் அந்தச் சட்டம் சரியே. அதை விவாதித்து நிறைவேற்றியிருந்தால், திடீரென வேலையிழந்த அந்தக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் ஒரு வழி சொல்லியிருக்கலாம். இன்னொன்றும் கேட்கிறோம். கோவாவில் மாண்டவி நதியில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களின் விளக்கு அணையவில்லை. விமானத்தில் போய் ஆடுகிறவனுக்கு அது உல்லாசம். உத்திரமேரூர்க்காரன் செல்போனில் ஆடினால் அது சமூகக் கேடு. இந்த இரட்டைத் தராசு ஏன்?

திரையில் விழும் சீட்டைக் கலைப்பது யார், எதிரே இருப்பது மனிதனா இயந்திரமா என்று ஆடுகிறவனால் அறிய முடியாது. 2007ல் அப்சல்யூட் போக்கர் என்ற இணையக் கம்பெனியில், மற்றவர்களின் கவிழ்த்த சீட்டுகளைப் பார்த்தபடியே ஆடிய கணக்குகள் இருந்தது அம்பலமாயிற்று. கண்டுபிடித்தது போலீஸ் அல்ல. ஒரு போட்டியின் ஆட்டப் பதிவைக் கை கையாக ஆராய்ந்த சாதாரண ஆட்டக்காரர்கள். ஆட்டத்தை உன்னிப்பாகப் பார்ப்பவர்களின் அறிவுக்கு இது நல்ல சான்று.

நமது ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ம் வருஷத்தவை, இருக்கின்றன. முப்பது குடும்புகளின் ஓலைகளைக் குடத்தில் போட்டுச் சபையார் முன்னால் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். விரலிடுக்கில் ஓலையை மறைக்கும் வித்தை அன்றைக்கும் தெரிந்திருந்தது என்று தோன்றுகிறது! முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் உள்ளவன் பெயரே குடத்தில் விழுந்தது. உழுதவன் பெயர் விழவில்லை. அதை மறந்துவிட்டு மார்தட்ட நாம் தயாரில்லை. ஆனால் அதிர்ஷ்டத்தைக் கையாளுவதென்றால் எல்லோர் கண் முன்னாலும் கையாள வேண்டும் என்ற அந்த விதி, செல்போன் கம்பெனிகளின் விதியைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது.

போக்கரை விரும்புகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். போட்டி ஆட்டத்தில் வில்லை என்பது பணமே அல்ல. நடுவில் எழுந்து அதைக் காசாக மாற்றிக்கொள்ள முடியாது. அது வெறும் மதிப்பெண். அப்படியானால் அதற்குப் புளியங்கொட்டை போதாதா? எட்டுப் பேர், ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. கட்டாயப் பந்தயம் ஒரு கொட்டையில் தொடங்கிக் கால் மணிக்கு ஒரு முறை ஏறட்டும். காசில்லாமல் ஆடினால் உப்புச் சப்பு இருக்காது, எல்லோரும் கண்டபடி பந்தயம் ஏற்றுவார்கள் என்பது உங்கள் ஆட்சேபம். காசு வைத்து ஆடும் சாதாரண ஆட்டத்துக்கு அது பொருந்தும். போட்டிக்குப் பொருந்தாது. கொட்டை தீர்ந்தவன் மீண்டும் வாங்க முடியாமல் எழுந்து போய், மற்றவர்கள் ஆடுவதைத் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்க்க வேண்டும்; அந்த வலி கண்டபடி ஆடுகிறவனைத் திருத்திவிடும். அதற்குப் பிறகும் காசு இருந்தால்தான் ருசி என்கிறவர், தமக்குப் பிடித்தது சீட்டா காசா என்பதைத் தாமே தெரிந்துகொள்வார்.

சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அதே வருஷம் டிசம்பரில் 18 வயது குகேஷ் சதுரங்க உலக சாம்பியன் ஆனார். போட்டியின் படபடப்பு வேண்டுமென்கிறவர்களுக்கு வாசல்கள் வேறு இல்லாமலில்லை. ஆனால் கிராமத்தில் கேரம் பலகை எங்கே? மாலையில் ஷிப்டு முடிந்து வருகிறவன் போய் உட்கார, விளக்கு எரிகிற ஒரு நூலகமோ மன்றமோ எத்தனை ஊராட்சிகளில் இருக்கிறது? அந்த இடம் இல்லாததால்தான் செல்போன் மேஜையானது.

ஆகவே, தடைச் சட்டம் பையன்களைப் பிடித்து மாமூல் வாங்கும் சட்டமாக ஆகிவிடக் கூடாது. போலீஸ் கை வைக்க வேண்டியது பணம் வாங்கும் வழிகளிலும், வேறு பெயரில் வெளிநாட்டிலிருந்து நுழையும் செயலிகளிலும்தான். விளையாட்டுக் கடனுக்காக வீட்டுப் பெண்களை மிரட்டும் வட்டிக்காரர்கள் மீது வழக்குப் போட வேண்டும். ஊராட்சிகள் இந்த வருஷ நிதியிலேயே ஆட்டக் கூடத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். வரும் பொங்கலுக்கு உத்திரமேரூர் வட்டார இளைஞர் மன்றங்கள் கேரம், சதுரங்கத்தோடு புளியங்கொட்டைப் போக்கரையும் ஒரு போட்டியாக நடத்தட்டும். பரிசு ஒரு துண்டும் ஒரு புத்தகமும் போதும். டீச் செலவுக்கென்று யாராவது ஐந்து பத்து வசூலித்தால், வரவையும் செலவையும் அன்று மாலையே மன்றத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.