சிலர்தாமே என்று விட்டுவிடலாமா?

சிறைச்சாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது யார்? உயர்ந்த மதிலுக்குள் நிற்கும் ஓர் ஆண் கைதிதான். அம்மதிலுக்குள் பெண்களும் இருக்கிறார்கள் என்பது நமக்கு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. சிறைகளைக் கட்டியவர்களுக்கும் அது பிந்தியே நினைவுக்கு வந்தது போலும்!

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நடந்த பட்டிமன்றத்தில், பெண் கைதிகளுக்கும் ஆண்களுக்கு நிகரான கல்வியும் தொழிற்பயிற்சியும் வேண்டும் என்று நான் பேசினேன். எதிரணித் தோழி எழுந்து, "ஆயிரம் கைதிகளில் பெண்கள் நாற்பது பேர்தாம். நாற்பது பேருக்காகத் தனிப் பட்டறை வைக்க முடியுமா?" என்று கேட்டாள். கைதட்டல் அவளுக்கே கிடைத்தது. அன்று என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோழி சொன்ன கணக்கு சரியே. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் பெண்கள் 23,772 பேர். நாட்டிலுள்ள 1,330 சிறைகளில் பெண்களுக்கென்றே அமைந்தவை 34 மட்டுமே. ஆகவே பெண்களில் பெரும்பாலோர் ஆண்கள் சிறையின் ஒரு மூலையில், தனிச்சுவருக்குள் வாழ்கின்றனர். இருபாலாரும் ஒன்றாகப் பழகலாகாது என்பது விதி. பட்டறையும் நூலகமும் ஆண்கள் பக்கம் இருந்தால், கதவு அடைபடுவது பெண்களுக்குத்தான். அவர்களுக்கு எஞ்சுவது பெரும்பாலும் தையலும் பூவேலையும்.

தையல் இழிவான தொழிலன்று. என் பள்ளிச் செலவில் பாதி அம்மாவின் தையல் இயந்திரத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அம்மா அதை விரும்பித் தேர்ந்தார். தேர்ந்தெடுக்க வேறொன்றும் இல்லாதவளுக்கு அதை மட்டும் நீட்டுவது பயிற்சியாகுமா?

அன்றியும், பெண்ணின் சிறைவாசம் அவளோடு முடிவதில்லை. அதே 2022இல் 1,537 பெண்கள் தங்கள் குழந்தைகள் 1,764 பேரோடு சிறையில் இருந்தனர். ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் நெறி வகுத்தது. விடுதலையாகும் ஆணுக்காக வீட்டில் ஒருத்தி பெரும்பாலும் காத்திருப்பாள். பெண்ணுக்கோ பல வீடுகளின் கதவு திறப்பதில்லை. கையில் குழந்தையோடு தெருவில் நிற்பவளுக்குக் கைத்தொழில் குறைவாகத் தேவையா, கூடுதலாகத் தேவையா?

தோழியின் கேள்வி புதியதன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெண் கைதிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஆண்களுக்குச் சுமார் 20 தொழிற்பயிற்சிகள் இருக்க, அவர்களுக்கு இருந்தவை 5 மட்டுமே. பெண்கள் சிலரே என்பதும் செலவு மிகும் என்பதும் இந்த வேற்றுமைக்குக் காரணமாகா என்று 1979இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் பெண் கைதிகளுக்கென 70 விதிகளை ஏற்றது.

நம் மாநிலத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. சிறைத்துறையின் பெட்ரோல் நிலையங்களில் ஆண் கைதிகள் சில ஆண்டுகளாகவே வேலை செய்து வந்தார்கள். 2023 ஆகஸ்டில் சென்னையை அடுத்த புழலில் பெண் கைதிகளே நடத்தும் நிலையம் திறக்கப்பட்டது. பெண்களால் முடியுமா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. மற்றச் சிறைகளில் மட்டும் ஏன் தயக்கம்?

தோழியே, இப்போது உனக்கு என் விடை. நம் பள்ளியில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படிக்கிறாள். தேர்வன்று அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவரை அருட்சகோதரிகள் ஏற்பாடு செய்கிறார்கள். அவளுக்கென்று தனி அறையும் ஒதுக்குகிறார்கள். "ஒருத்திதானே!" என்று நம்மில் எவரேனும் சொன்னோமா? ஒருத்திக்குச் செய்வது நியாயமென்றால், நாற்பது பேருக்குச் செய்வது எப்படி வீண் செலவாகும்?

கிறிஸ்துமஸ் காலத்தில் சிறைக்குக் கேக்கும் புத்தாடையும் கொண்டு செல்லும் நல்லுள்ளங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அடுத்த முறை பெண்கள் பகுதிக்குச் சென்றால், "இங்கே என்ன கற்றுத் தருகிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டுகிறேன். கேக் அன்றைக்கே தீர்ந்துவிடும். கற்ற தொழிலோ அவள் வெளியே வரும் நாளிலும் அவள் கையில் இருக்கும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி