நூற்றுக்கு 98

காலையில் மாஸ்க்கைக் கழற்றி சிபாப் மெஷினை நிறுத்தினால், அதன் குட்டித் திரையில் ஒரு சிரிப்பு முகம் வருகிறது. ராத்திரி காற்று கசியாமல் மாஸ்க் பொருந்தியிருந்தது என்று அர்த்தம். பக்கத்தில் இரண்டு எண்கள். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது ஒன்று. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்பது இன்னொன்று. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் அப்னியா என்று முத்திரை குத்தப்பட்டு, காற்றை அழுத்தித் தள்ளும் மூக்குக் குழாயோடு குடித்தனம் நடத்தும் எங்கள் ஜாதிக்கு இரண்டாவது எண்தான் ராசிபலன். ஏ.எச்.ஐ. என்பார்கள். ஐந்துக்குக் கீழே வந்துவிட்டால் அன்றைக்குக் காபி கொஞ்சம் கூடுதலாக ருசிக்கும்.

அந்த எண் எப்படி வருகிறது? மூச்சு முழுசாக நின்றாலும் சரி, நன்றாகக் குறைந்தாலும் சரி, பத்து விநாடியாவது நீடித்தால் ஒரு நிகழ்வு. மொத்த நிகழ்வுகளை மணிக்கணக்கால் வகுத்தால் ஏ.எச்.ஐ. ஸ்லீப் ஸ்டடியில் 5 முதல் 15 வரை வந்தால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பத்து விநாடி நின்ற மூச்சும் ஒன்றுதான், ஒரு நிமிடம் நின்ற மூச்சும் ஒன்றுதான். ஒன்பது விநாடியோடு திரும்பிவிட்ட மூச்சு கணக்கிலேயே வராது. ஸ்லீப் ஸ்டடி அன்று தலையெல்லாம் ஒயர் ஒட்டி, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டி, தூக்கம் எது விழிப்பு எது என்று பிரித்துப் பார்த்தார்கள். வீட்டு மெஷினுக்கு அந்த வசதி கிடையாது. குழாயில் போகும் காற்றின் வேகமும் அழுத்தமும்தான் அதற்குத் தெரிந்த உலகம். நாம் தூங்குகிறோமா, கூரையைப் பார்த்தபடி வட்டிக் கணக்குப் போடுகிறோமா என்பது அதற்குத் தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது என்பதும் தெரியாது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் அத்தான். மகனோடு நியூ ஜெர்சியில் குடியேறிவிட்டவர். போன வருஷம் அவருக்கும் மெஷின் வந்தது. அங்கே அவர் எழுந்திருக்கும்போது இங்கே நாலு மணி காபி நேரம். போன் அடிக்கும். “மாப்ளே, இன்னிக்கி தொண்ணூத்தெட்டு!”

அவருடைய மெஷினுக்கு மைஏர் என்றொரு செல்போன் செயலி துணை. தினமும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். அந்த மார்க் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தேன். மெஷின் ஓடிய நேரத்துக்கு 70, ஏழு மணி நேரம் ஓடினால் முழுசும் கிடைக்கும். மாஸ்க் பொருத்தத்துக்கு 20. அடிக்கடி கழற்றி மாட்டாமல் இருந்தால் 5. எந்த வியாதிக்காக இத்தனை பாடோ அந்த மூச்சடைப்புக்கு மிச்சமுள்ள 5. இதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. புதிதாக மாட்டுகிறவர் பலர் முதல் மாதத்திலேயே மெஷினைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். முதலில் மாட்டட்டும் என்பதுதான் இந்த மார்க்கின் நோக்கம். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து மார்க்கைப் பார்த்தே வளர்ந்த நம் ஆட்கள் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஒருநாள் போனை அக்கா வாங்கினாள். “என்னடா மார்க்கு? ஒன்பதரைக்கே மூஞ்சில மாட்டிக்கிட்டு ஐபேடுல சிவாஜி படம் பாக்க ஆரம்பிச்சிடுறார். கண்ணசர்றப்போ பதினொன்றரை. விடியக்காலம் நாலரைக்கு பாத்ரூம் போனா, வந்து திரும்ப மாட்டுறதே கிடையாது. அப்புறம் ஆறரை வரைக்கும் பழைய கச்சேரிதான்.”

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒன்பதரையிலிருந்து நாலரை வரை ஏழு மணி நேரம், எழுபது மார்க் கைக்கு வந்துவிட்டது. ஏ.எச்.ஐ. 3 என்றால் 21 நிகழ்வுகள். அவை எல்லாம் நடந்தது தூங்கிய ஐந்து மணி நேரத்தில். ஐந்தால் வகுத்தால் 4.2. படம் பார்த்த இரண்டு மணி நேரம் வகுக்கும் எண்ணைப் பெருக்கி விடையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. அதைவிட மோசம் நாலரைக்குப் பிறகுள்ள இரண்டு மணி நேரம். கனவுத் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து கிடப்பதால் பலருக்கு மூச்சு அதிகமாக அடைபடுவதும் அந்த நேரத்தில்தான். அத்தானின் கிராஃபில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. மாஸ்க் இல்லாத நேரத்தை மெஷின் எழுதாது. எழுதாததைச் சராசரியில் சேர்க்கவும் செய்யாது.

மணி நேரத்தை எண்ணுவது செயலி மட்டுமல்ல. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு மெஷினுக்குத் தொடர்ந்து பணம் தர ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான 30 நாளில், 70 சதவீத இரவுகளிலாவது நாலு மணி நேரம் போட்டிருக்க வேண்டும். இந்த நாலு மணி நேரம் எப்படியோ மருத்துவ அளவுகோல் மாதிரி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பணம் கொடுக்கிறவன் பிடித்துக்கொண்ட கோடு அது. மூளைக்கும் இதயத்துக்கும் நாலு மணி நேரம் போதும் என்று யாரும் சொல்லவில்லை. 2016-இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில், இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்திருந்த 2,717 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மாரடைப்பு போன்றவை சிபாப்பால் குறையவில்லை என்று முடிவு வந்தது. பகல் தூக்கம் குறைந்திருந்தது, மனநிலை தேறியிருந்தது. அந்த ஆய்வில் ஓர் இரவுக்குச் சராசரியாக மெஷினைப் போட்டது 3.3 மணி நேரம். ராத்திரியில் பாதிகூட இல்லை.

சிட்னியில் 1980-இல் காலின் சல்லிவன் என்ற டாக்டர் தூசி உறிஞ்சும் மெஷினின் மோட்டாரை வைத்து முதல் சிபாப் கருவியை ஒப்பேற்றியபோது மார்க்கும் கிடையாது, செயலியும் கிடையாது. அடுத்த ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவரும் உடனிருந்தவர்களும் எழுதிய கட்டுரையில் இருந்தவர்கள் ஐந்தே நோயாளிகள். ராத்திரி பூராவும் விழித்துக் கோடுகளைப் பார்க்க ஆள் இருந்தது. இன்றைக்கு அந்த ஆள் மெஷினுக்குப் பக்கவாட்டில் செருகும் எஸ்.டி. கார்டு.

கார்டு செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாடல்களில் அது இல்லாவிட்டால் அன்றாடச் சுருக்கம் மட்டும்தான் மிஞ்சும், மூச்சின் கோடு கிடைக்காது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க ஆஸ்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியர் ஒருவர் எழுதிய ஸ்லீப்பிஹெட் 2019-இல் நின்றுபோனபோது, அதைத் தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்ததுதான் இது.

என்னுடைய ஓர் இரவைத் திறக்கிறேன். மூச்சு சீராக, ஒரே உயரக் குன்றுகளாக ஓடுகிறது. மூன்றே முக்காலுக்குச் சற்று முன்னால் குன்றுகள் சிறுக்கின்றன, கோடு படுத்துவிடுகிறது. பதினெட்டு விநாடி. பிறகு ஒரே தாவாக ஒரு பெரிய மூச்சு, அதன் பின்னால் ஏழெட்டு அவசர மூச்சுகள். கீழே பிரஷர் கோடு படியேறுகிறது. கண்ணை இன்னும் கீழே இறக்கினால் விஷயம் புரிகிறது: இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் முன்பே லீக் கோடு எழும்பியிருக்கிறது. மல்லாந்து புரண்டதில் வாய் திறந்திருக்க வேண்டும். அதே மாதிரி அரை மணி நேரத்துக்குள் பத்துக்கு மேல், கொத்தாக. மற்றபடி ராத்திரி முழுக்க அமைதி. திரை அன்றைக்குச் சொன்னது: ஏ.எச்.ஐ. 2.

அதனால் நான் லீக்கைத்தான் முதலில் பார்ப்பேன். மாஸ்க்கில் கரியமில வாயு வெளியேற வேண்டுமென்றே துளைகள் வைத்திருக்கிறார்கள்; அந்தக் காற்று கசிவு அல்ல. சில கம்பெனிகள் அதையும் சேர்த்துக் காட்டும், சில கழித்துக் காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் மெஷினோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவது வீண். கழித்துக் காட்டும் ரெஸ்மெட் வகை மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது எல்லை. கசிவு பெரிதானால் மெஷினின் காது மந்தமாகிவிடுகிறது. மற்ற எண்களை நம்ப முடியாது.

மூச்சடைப்பிலும் இரண்டு தினுசு உண்டு. மூச்சு நின்றதும் மெஷின் மெல்லிய அதிர்வுகளை அனுப்பித் தொண்டை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். மூடியிருந்தால் வழக்கமான அடைப்பு. திறந்திருந்தும் மூச்சு வரவில்லை என்றால் மூளையிலிருந்து உத்தரவு வரவில்லை என்று பொருள். அதற்குப் பிரஷரை ஏற்றிப் பயனில்லை. மெஷின் போட்ட ஆரம்பத்தில் தலைகாட்டும் இந்த இரண்டாம் வகை பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். குறையாமல் நீடித்தால், அதிலும் இதயம் பலவீனமானவராக இருந்தால், கார்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆஸ்கர் கையில் இருக்கிற தைரியத்தில் பிரஷரைத் தாமே திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உவப்பில்லை.

அத்தானிடம் இதையெல்லாம் சொல்லி, படம் பார்க்கும்போது போடாதீர்கள், நாலரைக்குப் பிறகு போடுங்கள் என்றேன். “படத்துக்குப் போடாம விட்டா எண்பதுக்கு இறங்கிடுமே மாப்ளே” என்றார்.

போன முறை டாக்டரிடம் நான் ஒரு பக்கத்துக்கு அச்செடுத்த கிராஃபோடு போனேன். டாக்டர் லீக் கோட்டில் விரலை ஓட்டிவிட்டு, மாஸ்க் அளவை மாற்றச் சொன்னார். பிறகு மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். மெல்பர்னின் எப்வர்த் மருத்துவமனையின் பெயரில், 1991-இல் மரே ஜான்ஸ் என்ற டாக்டர் பகல் தூக்கத்தை அளக்க உருவாக்கியது. எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. டி.வி. பார்க்கும்போது கண் சொக்குமா, வண்டி சிக்னலில் நிற்கும்போது சொக்குமா என்று கேட்கும். கூட்டினால் பத்துக்கு மேல் போகக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று ஒரு கேள்வி. நான் 1 போட்டேன். என் மனைவி பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு 3 என்று எழுதினாள்.