பூல் அளவை ஏற்றுவது வைத்தியம் அல்ல

வலைத்தளம் திணறினால் முதலில் கை போகும் இடம் கனெக்‌ஷன் பூலின் உச்ச அளவுதான். 20 போதவில்லையா, 50 வை. அதுவும் போதவில்லையா, 200 வை. பழைய ஜேடிபிசி டிரைவரோடு ஓடும் ஜாவா செயலிகளில் இந்தப் பழக்கம் செய்யும் கேடு கொஞ்சநஞ்சமல்ல.

எண்ணை ஏற்றினால் டேட்டாபேஸின் வேகம் ஏறிவிடுமா? நான்கு கோர் உள்ள சர்வரில் ஒரே கணத்தில் உண்மையாக ஓடக்கூடிய குவெரிகள் சிலதான். மற்றவை சிபியுவுக்கும் டிஸ்குக்கும் லாக்குக்கும் முட்டிமோதும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ் ஒதுக்குகிறது. மாற்றாமல் விட்டால் அதன் உச்சவரம்பு 100. இரண்டு டாம்கேட்டுகள் தலா 200 கேட்டு நின்றால் அது எங்கே போகும்?

பழைய டிரைவரில் கோளாறே வேறு. அமைப்பை மாற்றாமல் விட்டால், மைஎஸ்கியூஎல் 28,800 நொடிகள், அதாவது 8 மணி நேரம், சும்மா கிடக்கும் இணைப்பைத் தானே அறுத்துவிடும். பூலுக்கு அது தெரியாது. இரவெல்லாம் யாரும் தொடாத இணைப்பைக் காலையில் முதலில் வருபவர் தலையில் கட்டுகிறது. அவருக்குப் பிழைப் பக்கம். பூல் பெரிதாகிச் சும்மா கிடக்கும் இணைப்புகளும் கூடினால், செத்தவையும் கூடும்.

உயிர் இருக்கிறதா என்று கேட்கும் 'இஸ்வேலிட்' வசதி ஜேடிபிசி 4-இல், 2006-இல் ஜாவா 6-உடன்தான் வந்தது. அதற்கு முந்தைய டிரைவரிடம் கேட்டால் 'அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் எரர்' வந்து விழும். அங்கே 'செலக்ட் 1' போன்ற சோதனைக் குவெரியை நாம்தான் எழுதித் தரவேண்டும். ஆரக்கிள் என்றால் 'செலக்ட் 1 ஃப்ரம் டூயல்'. டிபிசிபி என்ற பூல் நூலகத்தின் 1-ஆம் வரிசையில் இந்தக் குவெரியை எழுதாமல் 'டெஸ்ட் ஆன் பாரோ'வை மட்டும் இயக்கினால் எந்தச் சோதனையும் நடக்காது. இதைத் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அதே டிபிசிபி-யில் 'மேக்ஸ் வெயிட்'டின் இயல்பு மதிப்பு -1. பூல் காலியானால் திரெட்டுகள் காலவரையின்றிக் காத்துக்கிடக்கும், லாகில் ஒரு வரிகூட விழாது. பத்து நொடி என்று வரம்பு வைத்தால் பிழையாவது கண்ணில் படும்.

டிரைவரைப் புதுப்பிக்க முடிந்தால் உடனே புதுப்பியுங்கள்.

மிச்சமிருப்பது கசிவு. எடுத்த இணைப்பைத் திருப்பித் தராத ஒரே ஒரு மெத்தட் போதும். அளவு 20 என்றால் மதியம் விழும் தளம், 200 என்றால் நாள் கடந்து விழும். டிபிசிபி-யின் 'ரிமூவ் அபாண்டன்ட்', 'லாக் அபாண்டன்ட்' இரண்டையும் இயக்குங்கள். இணைப்பை வாங்கிய வரியையே லாக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் 'ஃபைனலி'க்குள் 'க்ளோஸ்' போடாமல் பூல் அளவைத் தொட யாரையும் விடாதீர்கள்.