பலகை மாட்டினால் போதுமா?

தன்பாலீர்ப்பாளர்களை ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்று செய்யப்படும் சிகிச்சைக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதைச் செய்பவர்களின் உரிமத்தை ரத்து செய்வது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. ஆக, ஒரு மனநல மருத்துவர் இதைச் செய்தால் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அதே தெருவில் ‘கவுன்சலிங் சென்டர்’ என்று பலகை மாட்டியிருப்பவர் செய்தால்? ரத்து செய்ய அவரிடம் உரிமமே கிடையாது. உளவியல் சிகிச்சைத் தொழிலின் மூலக் கோளாறு இதுதான்: தவறு நடந்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் பலருக்கு இல்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. மருத்துவ உளவியலாளர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். ஆனால், சாதாரண மக்கள் தேடிப் போவது ‘கவுன்சலர்’ என்ற பெயரைத்தான். முதுகலை உளவியல் முடித்து ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவருக்கும் அதே பெயர். ஆன்லைனில் சில வாரம் படித்து, சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவருக்கும் அதே பெயர். வருகிறவர் எப்படிப் பிரித்தறிவார்? மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-இல் இணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்துவதில் அரசுகள் காட்டிய சுணக்கத்தால், 2024-இல் உச்ச நீதிமன்றமே கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

‘இருக்கிற ஆள் பற்றாக்குறையில் கட்டுப்பாடு வேறா?’ என்பார்கள். நியாயமான கேள்வி. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பரவலாகக் காணப்படும் மனநலப் பாதிப்புகள் உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். படித்தவர்கள் மட்டும் போதும் என்று கதவைச் சாத்தினால் ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால், ஒழுங்குபடுத்துவது என்றால் படிப்புத் தகுதியை ஏற்றுவது என்று யார் சொன்னது? கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017-இல் லான்செட்டில் வெளியான ஆய்வைப் பாருங்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, தீவிர மனச்சோர்வு உள்ளவர்களுடன் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினர்தான். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதியாக விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. அந்த அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஆலோசகர்கள் குழுவாக உட்கார்ந்து, ஒருவர் பேசியதை மற்றவர்கள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். பட்டம் இல்லாத குறையை மேற்பார்வை ஈடுகட்டியது. நம் ஊரிலோ முதுகலைப் பட்டதாரியும் மேற்பார்வையாளருக்குத் தன் கைக்காசைத்தான் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் கொடுப்பார்கள்?

பதிவு பெற்ற மருத்துவர்களும் தப்பு செய்யத்தானே செய்கிறார்கள் என்றால், ஆமாம், செய்கிறார்கள். பதிவேடு யாரையும் யோக்கியராக்காது. பாதிக்கப்பட்டவர் போய் நிற்க ஓர் இடம் தரும். அதனால் எல்லா நிலை ஆலோசகருக்கும் பதிவேட்டில் இடம் வேண்டும். யார் எந்தச் சிக்கலைக் கையாளலாம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். மேற்பார்வையில் இருந்ததற்குச் சான்று காட்டினால்தான் புதுப்பிப்பு. அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பதிவேடு இல்லாமல் தகுதியை யார் சரிபார்ப்பது? குறைந்த சம்பளத்துக்கு வருகிறவரே தகுதியானவர் ஆகிவிடுவார்.

அதுவரை, ஆலோசகரிடம் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், உங்களுக்கு மேற்பார்வையாளர் யார்? கேட்டதற்கே கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.